பயிர்நிலம்: தம்புள்ளையிலிருந்து ஒரு கணக்கு

ரொறன்ரோவில் வசிக்கும் நண்பர் ஒருவரின் மகள் பல்கலைக்கழகத்தில் புவியியல் படிக்கிறாள். சில மாதங்களுக்கு முன் அவளிடமிருந்து ஒரு மின்னஞ்சல் வந்தது. "மாமா, இலங்கையில் பயிர் செய்யப்படும் நிலத்தின் அளவு கடந்த இருநூறு ஆண்டுகளில் எவ்வளவு மாறியிருக்கிறது? கட்டுரைக்குத் தேவை. ஓர் எண் தந்தால் போதும்" என்று எழுதியிருந்தாள்.

முப்பது ஆண்டுகளுக்கு மேலாகப் பத்திரிகையில் எழுதி வருபவனுக்கு இது அரை மணி நேர வேலை என்று எண்ணினேன். மத்திய வங்கியின் ஆண்டறிக்கைகள், தொகைமதிப்புத் திணைக்களத்தின் ஏடுகள், உலக உணவு விவசாய நிறுவனத்தின் அட்டவணைகள் என்று ஒவ்வொன்றாகப் புரட்டினேன். எண்கள் ஏராளமாகக் கிடைத்தன. ஒன்றோடொன்று ஒத்துப்போகவில்லை. ஒன்று விதைத்த நிலத்தைக் கணக்கிடுகிறது. மற்றொன்று விதைக்கக்கூடிய நிலத்தைக் கணக்கிடுகிறது. ஒரே வயலை இரு போகத்துக்கும் இருமுறை எண்ணும் கணக்கு ஒன்று. ஒருமுறை மட்டும் எண்ணும் கணக்கு வேறொன்று. பின்னோக்கிச் செல்லச் செல்ல, எண்ணியவர்கள் யார், எதற்காக எண்ணினார்கள் என்ற கேள்வியே பெரிதாகி நின்றது.

இந்தக் கணக்கைப் புரிந்துகொள்ள இலங்கையில் ஓரிடத்தைத் தெரிவு செய்யச் சொன்னால் நான் தம்புள்ளையைத்தான் சொல்வேன். நான் பிறந்த மாத்தளையிலிருந்து வடக்கே ஏறத்தாழ 45 கிலோமீற்றர். மலைநாடு முடிந்து உலர் வலயம் தொடங்கும் வாசல் அது. கண்டியிலிருந்தும் குருநாகலிலிருந்தும் வரும் வீதிகள் அங்கே கூடி, ஒன்று திருகோணமலைக்கும் மற்றொன்று அநுராதபுரம் வழியாக வடக்குக்கும் பிரிகின்றன. உல்லாசப் பயணிகளுக்கு அது குகை விகாரையின் ஊர்; கிரிக்கெட் இரசிகர்களுக்கு விளையாட்டரங்கின் ஊர்; வியாபாரிகளுக்கு மரக்கறிச் சந்தையின் ஊர். எனக்கு அது என் முன்னோர் நடந்து கடந்த ஊர். இலங்கையின் நிலத்துக்கு நேர்ந்த ஒவ்வொரு பெரிய மாற்றமும் இந்த ஊரின் மீது ஏதோ ஒரு தடத்தை விட்டுச் சென்றிருக்கிறது.

குகை விகாரைக்கு ஏறும் படிகளின் பாதியில் நின்று பார்த்தால் சுற்றுவட்டாரம் முழுவதும் விரியும். ஒருபுறம் கண்டலமக் குளத்தின் நீர்ப்பரப்பு. தொலைவில் சிகிரியாக் குன்று. இடையில் வயல், தென்னந்தோப்பு, புதர்க்காடு, புதிய கூரைகள். அண்மையிலுள்ள இப்பன்கட்டுவவில் கி.மு. முதல் ஆயிரத்தாண்டைச் சேர்ந்த பெருங்கற்காலப் புதைகுழிகள் அகழ்ந்தெடுக்கப்பட்டிருக்கின்றன. கற்பலகைகளால் பெட்டிபோல அமைத்து, மட்பாண்டங்களும் மணிகளும் வைத்து அடக்கம் செய்த மக்கள் அவர்கள். தென்னிந்தியப் பெருங்கற்காலப் புதைகுழிகளைப் பார்த்தவர்களுக்கு அந்தக் காட்சி புதிதாக இராது. ஆக, தம்புள்ளை மண் மனிதக் கைபட்டு இரண்டாயிரத்தைந்நூறு ஆண்டுகளுக்குக் குறையாது.

அந்த நீண்ட காலத்தின் பெரும்பகுதியில் பயிர்நிலத்தின் அளவை நிர்ணயித்தது குளம். உலர் வலயத்துக் கிராமம் ஒன்றின் வயல் எவ்வளவு என்று கேட்டால், அதன் குளம் எவ்வளவு கொள்ளும் என்பதே விடை. மழை பொய்த்த ஆண்டில் வயல் முழுவதையும் விதைக்க முயன்று அனைவரும் கெடுவதில்லை. குளத்துக்கு அருகிலுள்ள ஒரு பகுதியை மட்டும் எடுத்து, அதை எல்லாக் குடும்பங்களும் தத்தம் பங்குக்கேற்பப் பிரித்துப் பயிர் செய்வார்கள். சிங்களத்தில் இதனைப் 'பெத்ம' என்பர். எட்மண்ட் லீச் என்ற ஆங்கிலேய மானிடவியலாளர் 1954 இல் அநுராதபுர மாவட்டத்தின் புல் எலிய கிராமத்தில் தங்கி ஆராய்ந்து 1961 இல் வெளியிட்ட நூல், குளமும் வயலும் வகுத்த எல்லைக்குள் மனித உறவுகள் எவ்வாறு அமைந்தன என்பதை விரிவாகக் காட்டுகிறது. ஒன்றன் கீழ் ஒன்றாக நீரைக் கைமாற்றும் இத்தகைய தொடர்குளங்களை உலக உணவு விவசாய நிறுவனம் 2017 இல் உலக முக்கியத்துவம் வாய்ந்த விவசாய மரபுகளின் பட்டியலில் சேர்த்தது.

வயல் ஒரு பாதிதான். மறுபாதி சேனை. காட்டின் ஒரு துண்டை வெட்டி எரித்து, குரக்கன், சோளம், எள்ளு, பயறு என்று ஓரிரு ஆண்டுகள் விளைவித்து, பிறகு அதனைக் காட்டிடமே ஒப்படைத்துவிட்டு அடுத்த துண்டுக்குச் செல்வார்கள். ஏழெட்டு ஆண்டுகளோ, அதற்கு மேலோ கழித்து முதல் துண்டுக்குத் திரும்புவார்கள். இப்போது கணக்கைக் கவனியுங்கள். ஒரு குடும்பம் ஓர் ஆண்டில் உழைப்பது இரண்டு ஏக்கர் என்று வைத்துக்கொள்வோம். அந்த இரண்டு ஏக்கரைத் தொடர்ந்து பெறுவதற்கு அதற்குப் பதினைந்து, இருபது ஏக்கர் சுழற்சியில் தேவை. அப்படியானால் அக்குடும்பத்தின் பயிர்நிலம் இரண்டு ஏக்கரா, இருபது ஏக்கரா? சேனைக்காரனைக் கேட்டால் இருபது என்பான். அளக்க வந்த அதிகாரி இரண்டு என்று எழுதி, மீதிப் பதினெட்டைக் 'காடு' என்றோ 'தரிசு' என்றோ குறித்துக்கொண்டார். 1880களில் தீவின் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் காடாக இருந்தது என்று இன்றும் எடுத்தாளப்படும் கணக்கைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு அந்தப் பதினெட்டு ஏக்கரின் நினைவு வரும்.

அந்தக் குறிப்பைச் சட்டமாக்கியது 1840 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்க முடிக்குரிய காணிகள் கட்டளைச் சட்டம். காடு, தரிசு, குடியிருப்பற்ற, பயிரிடப்படாத நிலம் யாவும், வேறு விதமாக நிரூபிக்கப்படும்வரை, முடிக்குச் சொந்தம் என்று அது அனுமானித்தது. பல ஆண்டு இடைவெளி விட்டுப் பயிரிடப்படும் சேனை நிலத்தையும் அது விட்டுவைக்கவில்லை. கண்டி மாகாணங்களில் அரசனின் சன்னஸ் போன்ற ஆவணத்தையோ, வழமையான வரி செலுத்தியதையோ காட்ட முடியாதவனின் சேனை முடிக்குப் போனது. பரம்பரை பரம்பரையாக வாய்மொழியிலும் வழக்கத்திலும் நிலம் கைமாறி வந்த கிராமத்தவனிடம் ஆவணம் எங்கே இருந்திருக்கும்?

சட்டத்தின் தேவை கோப்பியிலிருந்து வந்தது. 1841 ஆம் ஆண்டில் மட்டும் 75,000 ஏக்கருக்கு மேற்பட்ட முடிக்குரிய காணி விற்பனையானது. ஏக்கர் ஒன்றின் விலை ஐந்து சிலிங். வாங்கியவர்களில் ஆளுநர் முதல் அரச அதிபர்கள் வரை காணியைப் பராமரிக்க வேண்டிய உத்தியோகத்தர்களே பலர் இருந்தனர். மாத்தளை மலைகள் கோப்பி முதன்முதலில் பரவிய இடங்களில் ஒன்று.

1848 இல் இதற்கு எதிர்வினை தம்புள்ளையிலிருந்து கிளம்பியது. துப்பாக்கிக்கு வரி, நாய்க்கு வரி, கடைக்கு வரி. போதாக்குறைக்கு ஒவ்வோர் ஆணும் ஆண்டுக்கு ஆறு நாள் வீதி வேலை செய்ய வேண்டும், அல்லது மூன்று சிலிங் கட்ட வேண்டும் என்று ஆளுநர் டொரிங்டன் விதித்தார். சேனைக்காரனுக்குத் துப்பாக்கியும் நாயும் ஆடம்பரமல்ல. பன்றியிடமிருந்தும் யானையிடமிருந்தும் பயிரைக் காக்கும் கருவிகள். அந்த ஆண்டு ஜூலை 26 ஆம் திகதி தம்புள்ளை விகாரையில் கோங்காலேகொட பண்டா மன்னனாக முடிசூட்டப்பட்டார். இரண்டு நாளில் மாத்தளை தாக்கப்பட்டது. இராணுவச் சட்டம் பிறப்பிக்கப்பட்டது. புரன் அப்பு ஆகஸ்ட் 8 இல் சுட்டுக் கொல்லப்பட்டார்; பண்டா மலாக்காவுக்கு நாடு கடத்தப்பட்டார். பாடநூல்கள் இதனைச் சுதந்திரப் போராட்டம் என்று படிப்பிக்கின்றன. அது தவறல்ல. ஆயினும் அதன் அடியில் இருந்தது, எது பயிர்நிலம், எது தரிசு என்பதை யார் தீர்மானிப்பது என்ற வழக்கு.

வழக்கின் மறுபக்கத்தில் இன்னொரு கூட்டம் அதே வீதியால் வந்துகொண்டிருந்தது. இராமநாதபுரம், மதுரை, திருச்சி, புதுக்கோட்டைப் பகுதிகளிலிருந்து பஞ்சத்தால் விரட்டப்பட்டுக் கடல் கடந்து மன்னாரில் இறங்கிய மக்கள். அங்கிருந்து மதவாச்சி, மிகிந்தலை, தம்புள்ளை, நாலந்தை வழியாக மாத்தளைக்கு நடை. வழியில் காடு, தண்ணீர்ப் பஞ்சம், வாந்திபேதி, காய்ச்சல். எத்தனை பேர் அந்தப் பாதையோரங்களில் புதைந்தார்கள் என்பதற்குச் சரியான கணக்கே வைக்கப்படவில்லை. நிலத்தை ஏக்கர், றூட், பேர்ச்சு என்று துல்லியமாக அளந்த ஆட்சி, நடந்து வந்தவர்களை அவ்வாறு எண்ணவில்லை.

என் அப்பாயியின் பாட்டி அந்த நடையில் வந்தவர். அப்பாயி அதிகம் பேசமாட்டார். ஒருமுறை பஸ்ஸில் தம்புள்ளையைக் கடக்கும்போது யன்னலுக்கு வெளியே பார்த்தபடி, "இந்தப் பாறையக் கண்டாத்தான் பாதி உசிரு திரும்பி வந்துச்சாம். இதுக்கப்புறம் மலைக் காத்து அடிக்கும்னு கங்காணி சொல்லுவானாம்" என்றார். அவரிடமிருந்து எனக்குக் கிடைத்த குடும்ப வரலாறு அவ்வளவுதான்.

அந்தக் கைகள் விரித்த நிலத்தின் கணக்கு மட்டும் துல்லியமாகக் கிடைக்கிறது. 1870களின் இறுதியில் கோப்பி ஏறத்தாழ இரண்டே முக்கால் இலட்சம் ஏக்கரை எட்டியது. 1869 இல் தோன்றிய இலைத்துரு நோய் அடுத்த இருபது ஆண்டுக்குள் அதனை அழித்தது. 1867 இல் ஜேம்ஸ் டெயிலர் லூல்கந்துரவில் 19 ஏக்கரில் தொடங்கிய தேயிலை, 1875 இல் ஆயிரம் ஏக்கர் அளவில் இருந்து, 1895 இல் மூன்று இலட்சம் ஏக்கரைத் தாண்டியது. பின்னர் இறப்பர் வந்தது. மேற்குக் கரையோரமெங்கும் தென்னை பெருகியது. உலகெங்கும் இதே காலம் இத்தகையதுதான். 1700 ஆம் ஆண்டளவில் ஏறத்தாழ 30 கோடி ஹெக்டயராக இருந்த உலகப் பயிர்நிலம் இன்று 150 கோடி ஹெக்டயரைச் சுற்றி இருப்பதாக ஆய்வாளர்கள் மதிப்பிடுகின்றனர். அமெரிக்கச் சமவெளியில் அந்த விரிவைக் கோதுமை செய்தது. எங்கள் மலையில் ஒரு கோப்பைப் பானம் செய்தது.

மலையில் நிலம் விரிந்துகொண்டிருந்தபோது நெல்வயலின் நிலை வேறு. தோட்டத்துரையின் கோப்பிக் காணிக்கு நிலவரி இல்லை. கிராமத்தவனின் நெல்லுக்கு வரி இருந்தது. 1880களில் அந்த வரியைக் கட்ட முடியாத வலப்பனை, உடஹேவாஹெட்டப் பகுதி விவசாயிகளின் வயல்கள் ஆயிரக்கணக்கில் ஏலத்துக்கு வந்தன. அங்கு உதவி அரச அதிபராக இருந்த லெ மெசூரியர் அந்த அவலத்தை எழுதி அம்பலப்படுத்தினார். 1892 இல் நெல்வரி நீக்கப்பட்டது. உலர் வலயத்தில் சிதைந்து கிடந்த குளங்கள் சிலவற்றை ஆங்கிலேயர் திருத்தியதையும் மறுக்கலாகாது. ஐந்தாம் நூற்றாண்டில் தாதுசேன மன்னன் கட்டிய கலாவெவ 1887 இல் மீண்டும் நீர் நிரம்பியது. ஆயினும் மலேரியா இருந்தவரை அங்கே குடியேறத் துணிந்தவர்கள் சிலரே.

1930களில் காட்சி மாறியது. காணி, விவசாய அமைச்சராக இருந்த டீ.எஸ். சேனநாயக்க உலர் வலயக் குடியேற்றத்தைத் தொடங்கினார். 1935 ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டம் நிலமற்றவருக்கு முடிக்குரிய காணி வழங்க வழி செய்தது. 1946 முதல் டீ.டீ.ரீ. தெளித்து மலேரியா அடக்கப்பட்டது. கல்லோயா வந்தது, பின்னர் மகாவலி வந்தது. 1976 ஆம் ஆண்டின் தொடக்கத்தில் பொல்கொல்லையில் மறித்த மகாவலி நீர் சுரங்கம் வழியாக உக்குவளைக்கு வந்து சுது கங்கையில் இறங்கியது. நான் அப்போது சிறுவன். முழங்கால் அளவு நீரில் நாங்கள் குளித்த ஆறு புரண்டு ஓடுவதைப் பார்க்க அப்பா என்னைத் தோளில் தூக்கிச் சென்றார். "இந்தத் தண்ணி எங்கப்பா போகுது?" என்று கேட்டேன். "தம்புள்ளைப் பக்கம். அங்க வயலுக்கு" என்றார். அந்த நீர் அம்பன் கங்கையில் சேர்ந்து, போவத்தன்னையில் மீண்டும் சுரங்கத்துக்குள் புகுந்து, தம்புள்ளை வழியாகக் கலாவெவவுக்குச் சென்றது. குளம் கொள்ளும் அளவே வயல் என்ற பழைய விதி அன்றுடன் தளர்ந்தது. வேறோர் ஆற்றின் நீரை வேறோர் ஆற்றுப் படுகைக்குக் கொண்டுவர அரசால் முடிந்தது.

விளைவு எண்களில் தெரிகிறது. 1950களின் தொடக்கத்தில் இரு போகத்திலும் விதைக்கப்பட்ட நெல் நிலம் ஏறத்தாழ 5 இலட்சம் ஹெக்டயர். 2010 இல் அது 10 இலட்சம் ஹெக்டயரைத் தாண்டியிருந்தது. பத்தலகொட ஆய்வு நிலையம் தந்த எச்-4 போன்ற புதிய நெல்லினங்களால் ஹெக்டயருக்கான விளைச்சலும் பல மடங்கானது. 1946 இல் 66 இலட்சமாக இருந்த மக்கள்தொகை 2024 இல் 2 கோடி 17 இலட்சமானபோதும், வழமையான ஆண்டுகளில் நாடு தன் அரிசித் தேவையின் பெரும்பகுதியைத் தானே விளைவிக்கிறது என்றால் அது சிறிய சாதனையல்ல.

இந்த விரிவில் யாருக்கு இடம் கிடைத்தது என்பதும் வரலாற்றின் பகுதியே. 1935 ஆம் ஆண்டுச் சட்டம் 'இலங்கையர்' என்ற வரையறைக்குள் வருவோருக்கே காணி என்றது. தோட்டத் தொழிலாளர் நடைமுறையில் அதற்கு வெளியே நிறுத்தப்பட்டனர். 1948 ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் அவர்களை நாட்டுக்கே வெளியே நிறுத்தியது. 1964 இல் இரு பிரதமர்கள் ஒப்பமிட்டு ஐந்தேகால் இலட்சம் பேரை இந்தியாவுக்கு அனுப்பத் தீர்மானித்தனர். 1972, 1975 ஆம் ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தம் ஏறத்தாழ 10 இலட்சம் ஏக்கரை அரசுடைமையாக்கியது. அந்த நிலத்தில் நான்கு தலைமுறை உழைத்தவர்களுக்கு அதில் பங்கு வரவில்லை. 1970களின் பஞ்சத்திலும் 1977 வன்செயலிலும் தோட்டங்களை விட்டு ஓடிய பலர் வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் சென்று காடு வெட்டிக் குடியேறினர். முன்னோர் தெற்கே நடந்து வந்த பாதையின் வழியே பேரப்பிள்ளைகள் வடக்கே போனார்கள்.

இனித் தம்புள்ளைச் சந்தைக்கு வருவோம். 1999 இல் அங்கு பொருளாதார மத்திய நிலையம் திறக்கப்பட்டபோது செய்தி சேகரிக்கச் சென்ற பத்திரிகையாளர்களில் நானும் ஒருவன். அதன் பிறகு எத்தனையோ தடவை போயிருக்கிறேன். நள்ளிரவுக்குப் பின்னரே அந்த இடம் விழித்துக்கொள்ளும். நுவரெலியாவின் லீக்ஸும் கரட்டும், அநுராதபுரத்துப் பூசணியும், யாழ்ப்பாணத்துச் சின்ன வெங்காயமும் லொறி லொறியாக வந்திறங்கும். விடியுமுன் விலை தீர்ந்து, தீவின் நாலாபுறமும் பிரிந்து செல்லும். கண்டி மலையிலிருந்து தம்புள்ளைக்கு இறங்கிய மரக்கறி மறுபடி கண்டிக்கே ஏறுவதும் உண்டு. விளைந்த மரக்கறியிலும் பழத்திலும் மூன்றில் ஒரு பங்கு வரை வழியில் வீணாகிறது என்று அதிகாரிகளே சொல்வதுண்டு. அப்படியானால் மூன்று ஏக்கரில் ஓர் ஏக்கர் குப்பைக்காக உழப்படுகிறது. எந்தப் புள்ளிவிபர ஏட்டிலும் இந்த ஏக்கருக்கு ஒரு நிரல் கிடையாது.

தம்புள்ளையின் சொந்தப் பயிராகப் பேர்பெற்றது பெரிய வெங்காயம். 1980களில் பரவத் தொடங்கி, பெரும்போக நெல் அறுத்த வயலில் சிறுபோகத்துக்கு வெங்காயம் நடும் வழக்கம் தம்புள்ளை, கலேவெல வட்டாரத்தை வளப்படுத்தியது. நெல்லைவிட நீர் குறைவு; வருமானம் அதிகம். இதற்கு முன்னர் 1970களின் இறக்குமதித் தடைக் காலத்தில் யாழ்ப்பாணத்து மிளகாய், வெங்காயக் கமக்காரர்கள் இத்தகையதொரு வளத்தைக் கண்டிருந்தார்கள். 1977 இன் திறந்த பொருளாதாரம் அவர்களைச் சரித்தது. அதன் பின் வந்த போர் மிச்சத்தையும் கொண்டுபோனது. வலிகாமம் வடக்கில் மட்டும் 6,000 ஏக்கருக்கு மேற்பட்ட செம்மண் பூமி உயர் பாதுகாப்பு வலயத்துக்குள் சிக்கியது. 2009 க்குப் பின் துண்டு துண்டாக விடுவிக்கப்பட்ட அந்தத் தோட்டங்களில் பலவற்றை நான் பார்த்தேன். கிணறுகள் தூர்ந்து, வரம்புகள் அழிந்து, இருபது ஆண்டுப் பற்றை வளர்ந்திருந்தது. ஏட்டில் அவை பயிர்நிலமாகவே இருந்திருக்கக்கூடும்.

யாழ்ப்பாணத்துக்கு நேர்ந்தது தம்புள்ளைக்கும் நேர்ந்தது. இந்திய வெங்காயம் மலிவாக வந்திறங்கும்போது விலை சரியும். அறுவடைக் காலத்தில் விசேட வரி விதிக்கும்படி விவசாயிகள் வீதிக்கு வருவார்கள். வரி தாமதமாக வரும், அல்லது சீக்கிரமே குறைக்கப்படும். ஒவ்வொரு நட்டத்திலும் சிலர் ஒதுங்கினர். 2021 இல் ஒரே இரவில் என்று சொல்லத்தக்க வகையில் இரசாயன உர இறக்குமதி தடைசெய்யப்பட்டது. அந்தப் பெரும்போகத்தில் நாட்டின் நெல் அறுவடை முந்திய பெரும்போகத்தைவிட மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வீழ்ந்தது. நிலத்தின் அளவில் பெரிய மாற்றமில்லை, விளைச்சல்தான் இல்லை. 2023 டிசம்பரில் இந்தியா வெங்காய ஏற்றுமதியைத் தடைசெய்து 2024 மே வரை அத்தடை நீடித்தபோது, இங்கு வெங்காய விலை எட்டாத உயரத்துக்குப் போனது. அந்த நாட்களில் தம்புள்ளையில் சந்தித்த முதிய விவசாயி ஒருவரிடம், இப்போது நட்டால் இலாபம்தானே என்று கேட்டேன். அவர் சிங்களத்தில் சொன்ன பதிலின் சாரம் இது: "மாத்தயா, காணி இருக்கிறது. விதை இல்லை, கடன் தர ஆளில்லை. மகன் கொரியாவில் இருக்கிறான். நான் வெங்காயத்தை விட்டு ஐந்து வருடம்."

குளம் அளந்த நிலத்தைச் சட்டம் அளந்தது. அதன் பின் அணைக்கட்டு அளந்தது. இப்போது துறைமுகத்தில் இறங்கும் கொள்கலன் அளக்கிறது. கலாவெவ நிரம்பியிருந்தாலும் வெங்காய வயல் தரிசாகக் கிடக்க முடியும் என்பது தாதுசேனனுக்கு விளங்கியிராது.

பயிர்நிலம் சுருங்குவது வேறு வழிகளிலும் நடக்கிறது. 1950களில் இருந்த இறப்பர் நிலத்தில் இன்று எஞ்சியிருப்பது ஏறத்தாழ பாதி. தேயிலையும் தன் உச்ச அளவிலிருந்து சுருங்கி 2 இலட்சம் ஹெக்டயரைச் சுற்றி நிற்கிறது. தென்னந்தோப்புகள் வீட்டு மனைகளாகத் துண்டாடப்படுகின்றன. தம்புள்ளையிலேயே, 1999 இல் நான் வெங்காய மேடைகளைப் பார்த்த வீதியோரங்களில் இன்று உணவகங்களும் கொங்கிறீட் கட்டடங்களும் நிற்கின்றன. இதைக் குற்றமாகச் சொல்லவில்லை. நிலம் விற்றவருக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள்.

நண்பரின் மகளுக்கு இத்தனையையும் எழுத முடியாது. அவள் கேட்டது ஓர் எண். உலக உணவு விவசாய நிறுவனத்தின் கணக்கின்படி, ஆண்டுப் பயிர் நிலமும் மரப்பயிர் நிலமும் சேர்ந்து இலங்கையில் ஏறத்தாழ 23 இலட்சம் ஹெக்டயர். தீவின் பரப்பில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேல். 2 கோடி 17 இலட்சம் பேருக்கும் பகிர்ந்தால் தலைக்குக் கால் ஏக்கர், அதாவது 40 பேர்ச்சுக்குச் சற்று அதிகம். நால்வர் கொண்ட குடும்பத்துக்கு ஓர் ஏக்கர் சொச்சம். கூடியதா, குறைந்ததா என்றால், எண்ணப்பட்ட நிலம் நிச்சயமாகக் கூடியது. எண்ணப்படாத சேனை எவ்வளவு மறைந்தது என்பதை அதிலிருந்து கழிக்க இனி எவராலும் இயலாது.

அந்த எண்ணை எழுதும்போது 2023 ஆம் ஆண்டு என் நினைவுக்கு வந்தது. மலையக மக்கள் வந்து 200 ஆண்டுகள் ஆனதை ஒட்டி, அந்த ஆண்டு ஜூலை 28 முதல் ஆகஸ்ட் 12 வரை தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை ஒரு நடைபயணம் இடம்பெற்றது. பழைய பாதையிலேயே நடந்தார்கள். தம்புள்ளையிலிருந்து ஒரு சிறு தொலைவு நானும் கூட நடந்தேன். முழங்கால் ஒத்துழைக்கவில்லை. பக்கத்தில் நடந்த தோட்டத்துப் பெண் ஒருவர், "வாங்கய்யா, அந்தக் காலத்துல செருப்புக்கூட இல்லாம நடந்திருக்காங்க" என்று என்னை உற்சாகப்படுத்தினார். என்ன கேட்டு நடக்கிறீர்கள் என்றேன். காணி என்றார். எவ்வளவு என்றேன். சில காலம் 7 பேர்ச்சு என்றார்கள், இப்போது 10 பேர்ச்சு என்கிறார்கள், எதுவானாலும் உறுதி எங்கள் பேரில் வேண்டும் என்றார்.

ரொறன்ரோவுக்கு அனுப்பிய பதிலில் இரண்டு எண்களை எழுதினேன். 23 இலட்சம் ஹெக்டயர், 10 பேர்ச்சு. முதலாவது கட்டுரைக்கு, இரண்டாவது உனக்கு என்று குறிப்பிட்டேன். மறுநாள் பதில் வந்தது. "நன்றி மாமா. பேர்ச்சு என்றால் என்ன?" என்று கேட்டிருந்தாள். 272 சதுர அடி என்று எழுதி, அப்பாயி சொன்ன பாறைக் கதையையும் கீழே சேர்த்து அனுப்பினேன்.